தைத் துளிருக்கு ஆனியிலேயே தழைச்சத்து

தை பிறந்ததும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, முந்திரி பூவெடுத்துவிட்டது, யூரியா போடட்டுமா?” இப்போது வேண்டாம் என்பேன். அந்தப் பூங்கொத்துக்கும் கூடவே வரும் செம்புநிறக் கொழுந்துக்கும் வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜனில்) நல்ல பங்கை மரம் முன்பே தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சேமிப்பைத்தான்.

ஆப்பிள் போன்ற குளிர்ப்பிரதேச மரங்களில் இது பளிச்சென்று தெரியும். இலை உதிரும் முன் அதிலுள்ள, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ருபிஸ்கோ முதலிய புரதங்கள் உடைந்து, அமினோ அமிலங்களாகிப் பட்டைக்கும் கட்டைக்கும் வேருக்கும் போகின்றன. இலையின் தழைச்சத்தில் பாதிகூட இப்படித் திரும்பிவிடும். வசந்தத்தில் மண் இன்னும் குளிர்ந்து கிடக்க, வேர் சரியாக உறிஞ்சத் தொடங்கும் முன்பே, முதல் சில வாரத் துளிர் இந்தச் சேமிப்பைக் கொண்டே வளர்கிறது. நைட்ரஜன்-15 என்னும், அடையாளம் கண்டு பின்தொடரக்கூடிய சற்றே கனமான நைட்ரஜன் கலந்த உரத்தைப் போட்டு, அது எந்த உறுப்புக்குப் போகிறது என்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் பண்ருட்டிச் செம்மண்ணில் முந்திரி, மா, பலா எதுவும் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. வேரும் உறங்குவதில்லை, மண்ணிலிருந்தும் சத்து வந்துகொண்டே இருக்கும். ஆனால் இந்த மரங்களுக்கு முதிர்ந்த இலையே ஒரு குதிர். துளிர்க்கும் கிளை ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். நுனியில் பளபளக்கும் கொழுந்து. ஒரு சாண் கீழே பழைய இலை மஞ்சளாகிக்கொண்டிருக்கும். விரலால் தட்டினாலே அது காம்போடு கழன்றுவிடும். பக்கத்துப் பச்சை இலையை இழுத்தால் பட்டை நாரோடு கிழிந்து வரும். மஞ்சள் இலை இருந்ததைக் கொடுத்துவிட்டு விழுகிறது. பச்சை இலையைப் பறித்தால் சத்தும் கூடவே போகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கரையைக் கடந்தது. சாய்ந்த மரங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். சாயாமல் நின்றவையும் பச்சை இலையைப் பறிகொடுத்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. புயலுக்குப் பின் இலையைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். மரத்தடியிலேயே பரப்பி, புதுத் துளிர் கண்டபின் உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள்.

சேமிப்பை நிரப்பும் வேலை, கொட்டை பொறுக்கி முடிந்ததும் தொடங்குகிறது. காய்ந்த குச்சியையும் பூச்சி குடைந்த கிளையையும் மட்டும் வெட்டுங்கள். தழைத்த கிளையை அழகுக்காகக் கழிக்க வேண்டாம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட முந்திரிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 500 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம். அந்தத் தழைச்சத்துக்குச் சுமார் 1,100 கிராம் யூரியா வேண்டும். பாதியை ஆனி, ஆடியில் ஈரம் பார்த்துக் கொடுங்கள். மறுபாதியை ஐப்பசியில் மழை சற்று விட்ட நேரத்தில் கொடுங்கள். அடைமழைக்கு முன் போட்டால் அது நைட்ரேட்டாகி, வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

தூரில் கொட்டாதீர்கள். கிளை நிழலின் விளிம்பை ஒட்டி ஆழமில்லாத வட்டக் குழி எடுத்து, உரமிட்டு மண்ணை மூடுங்கள். யூரியா மேலே கிடந்தால் அம்மோனியாவாகிப் பறந்துவிடும். பொறுக்க வசதியாக இருக்கட்டும் என்று கொல்லையைச் சுத்தமாகக் கூட்டுவது நம் வழக்கம். கூட்டுங்கள், ஆனால் சருகை அடுப்புக்கு அனுப்பாமல் அந்தக் குழியின் மேலேயே போடுங்கள். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சி கொழுந்தைக் கருக்குகிறதா என்றும் வாரம் ஒருமுறை பாருங்கள். இலை இல்லாவிட்டால் சேமிக்க இடமே இல்லை.

மஞ்சளைக் கண்டதும் மூட்டையைத் தூக்க வேண்டாம். துளிர்க்கும் காலத்தில் சில பழைய இலைகள் மஞ்சளாவது இயல்பு. மரம் முழுதும் பழைய இலைகள் சீராக வெளிறி, துளிரும் சிறுத்தால் அது தழைச்சத்துக் குறை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை; அதற்கு யூரியா உதவாது.

வீட்டுக் கொல்லையில் சீதாப்பழ மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அது ஆப்பிளைப் போல இலையை உதிர்க்கும் மரம். இலை தானாகப் பழுத்து விழும்வரை கவாத்து செய்யாதீர்கள். விழுந்தபின், மொட்டு புடைக்கும் முன் வெட்டுங்கள். அப்போதும் மெல்லிய, காய்ந்த, குறுக்கே ஓடும் கிளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.