பழைய வெபர் கேஸ் கிரில் வாங்குமுன் கீழே குனிந்து பாருங்கள்

சிகாகோ பக்கம் வீடு மாறி வந்ததும் பின்வாசலில் ஒரு கேஸ் கிரில் வேண்டும் என்று தோன்றியது. கத்திரிக்காய் சுட்டுக் கொத்சு செய்ய வீட்டுக்குள் மின்னடுப்பு உதவாது. கடையில் கிடைக்கும் மலிவான புது கிரில்களின் மெல்லிய தகடு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வெபர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய ஜெனிசிஸ் கிரில்லைத் தேடினேன். இரண்டு வாங்கினேன். முதலாவது வீண், இரண்டாவது இன்றும் எரிகிறது.

ஏன் ஜெனிசிஸ்? 1985இல் வந்த மாடல் அது. பர்னர்கள் இருக்கும் பெட்டி வார்ப்பு அலுமினியம், துருப்பிடிக்காது. பர்னர், கிரில் கம்பி, கொழுப்பு சொட்டும் தகடுகள் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. தகடு மாற்றுவதானால் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். எனாமல் பூசியது எனக்கு ஒத்துவரவில்லை.

1. தேடல்

கிரெய்க்ஸ்லிஸ்ட், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டும் போதும். விற்பவர் பலருக்கு மாடல் பெயர் தெரியாது. 'பழைய வெபர்', 'கேஸ் கிரில்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், வெபருக்கு ஒரு 'பி' கூடுதலாகப் போட்டும் தேடுங்கள். படத்தில் இரண்டு அடையாளங்கள்: பக்கப் பலகைகள் மரச்சட்டமாக இருக்கும், தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் முன்பக்கம் இல்லாமல் வலப்பக்கப் பலகையில் மேல்நோக்கி இருக்கும். வசந்தம் வந்தால் விலை ஏறிவிடும். அக்டோபர், நவம்பரில் வாங்குங்கள். மாதக் கடைசியில் வீடு காலி செய்பவர்கள் நல்ல விலைக்குத் தருவார்கள்.

2. எந்த கேஸ் என்று கேளுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். முதல் கிரில்லின் படத்தில் சிலிண்டர் இல்லை. விற்பவர் சிலிண்டரைத் தனியாக எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்து ஏற்றி வந்துவிட்டேன். வீட்டில் பார்த்தால், நீளமான ஹோஸ் ஒன்று சுருட்டிக் கட்டியிருந்தது. அதன் முனையில் சுவரில் செருகும் பித்தளை இணைப்பு, ரெகுலேட்டரே இல்லை. அது வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கானது.

ஹோஸை மாற்றிச் சிலிண்டரை மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இயற்கை எரிவாயுவுக்கு வால்வு முனையில் உள்ள துளை பெரிது. அதில் சிலிண்டரில் வரும் புரோபேனை விட்டால் தேவைக்கு மேல் கேஸ் பாய்ந்து தீ எகிறும், ஆபத்து. வால்வுகளோடு சேர்த்துக் குழாய்த் தொகுதியையே மாற்ற வேண்டும், செலவு கட்டாது. ஆகவே கிளம்புமுன் ஹோஸ் முனையின் படத்தையும், கிரில்லில் ஒட்டியிருக்கும் கேஸ் வகை லேபிளின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த முதல் கிரில்லின் சிவப்பு மூடி மட்டும் பிழைத்தது. இப்போது இரண்டாவது கிரில்லின் தலையில் இருக்கிறது.

3. நேரில் பார்ப்பது

டார்ச், ஸ்க்ரூடிரைவர் கொண்டு போங்கள். மூடியைத் திறக்குமுன் தரையில் குனிந்து கால்களைப் பாருங்கள். கால்களும் கீழ்க்குறுக்குச் சட்டமும் சேரும் மூலைகளில்தான் தண்ணீர் தங்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் டங்கென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்துச் செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். மேலோட்டமான துரு என்றால் தேய்த்து, சூடு தாங்கும் பெயின்ட் அடித்தால் போதும்.

மூடியின் உட்புறம் கறுப்பாக உரிந்து தொங்கும். பெயின்ட் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அது கரியாகிப்போன கொழுப்புப் புகை. பிளாஸ்டிக் சுரண்டியால் வந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம், உதிர்ந்த கம்பி சாப்பாட்டில் சேரும்.

கூடவே தரும் சிலிண்டரை விலையில் சேர்க்காதீர்கள். அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு இல்லாத பழைய சிலிண்டரை 2002 ஏப்ரலுக்குப் பிறகு நிரப்பித் தருவதில்லை. வால்வைத் திறக்கும் கைப்பிடி முக்கோணமாக இருந்தால் புது வகை.

4. பற்றவைக்குமுன்

பழைய ஹோஸையும் ரெகுலேட்டரையும் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். பிறகு பர்னர்களைக் கழற்றி, காற்று நுழையும் வாயைப் பாருங்கள். சிலந்திகள் அங்கே கூடு கட்டும். கூடு அடைத்தால் கேஸ் பின்னால் திரும்பித் திருகுப் பக்கம் தீப்பிடிக்கும். என் கிரில்லில் மூன்று பர்னரில் இரண்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கூடு இருந்தது. நீளமான மெல்லிய பிரஷ்ஷால் இழுத்தெடுத்தேன். பிறகு திருகுகளை மூடி, சிலிண்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் சிலிண்டரை மூடி, இறுக்கி, மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: "எல்லாம் புதிதாக மாட்டினேன், தீ முனகுகிறது, சூடு ஏறவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கிரில் கெடவில்லை. பர்னர் திருகு திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சட்டென்று திறந்தாலோ, கசிவு என்று எண்ணிப் பாதுகாப்பு அமைப்பு கேஸைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, ஹோஸைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மாட்டுங்கள். பிறகு சிலிண்டரை மெல்லத் திறந்து, மூடியைத் திறந்துவைத்துப் பற்றவையுங்கள்.