60 ஓம் காட்டுகிறதா?
மின்படகின் மோட்டார் கன்ட்ரோலரை டிஸ்ப்ளேயுடன் இணைத்தும் திரையில் எண் வரவில்லையா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டுக்கும் இடையே தகவல் கடத்தும் கேன் (CAN) இணைப்பின் கேன்-ஹை, கேன்-லோ வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (இரு முனைகளிலும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர்) இல்லை. 40 என்றால் மூன்றாவது ஒன்று கூடுதலாக இருக்கிறது. சில கன்ட்ரோலர்களுக்கு உள்ளேயே அது உண்டு.

படகுக் கருவிகளுக்கான கேன் தரமான என்எம்இஏ 2000-இல் இயங்கும் டிஸ்ப்ளே விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில்தான் பேசும். கன்ட்ரோலர் 500-இல் ஓடினால் நடுவே கேட்வே (இரு பக்கத்துக்கும் தகவலை மாற்றித்தரும் கருவி) கட்டாயம். நேரடியாகக் கோர்த்தால் மொத்த பஸ்ஸும் (எல்லாக் கருவிகளும் பகிரும் கேன் இணைப்பு) முடங்கும். மின்தொடர்பைப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டட் கேட்வேயையே வாங்குங்கள். 48 வோல்ட் பக்கத்து மைனஸ் கழன்றால், அந்தக் கரண்ட் மெல்லிய டேட்டா வயர் வழியே திரும்பி டிஸ்ப்ளேயைப் பொசுக்கிவிடும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் எண்கள் துள்ளினால், கேன் வயர், மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபேஸ் கேபிள்களை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். விலக்கிக் கட்டுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.