பங்காளி வீடு மலேசியாவில்: கைக்குழந்தையோடு முதல் வெளிநாட்டுப் பயணம்

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் பேரன் பிறந்த செய்தி மலேசியாவுக்கு எட்டியதுமே, “எப்போது கூட்டி வருகிறீர்கள்?” என்று போன் வந்துவிடும். அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அத்தனை பேரும் குழந்தைக்கு அப்பா வழிச் சொந்தம். முதல்முறை போகிற பெற்றோர் விமானத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சுலபம். முன்னால் இருக்கும் காகித வேலையும், பின்னால் காத்திருக்கும் விருந்துகளும்தான் ஆளைப் படுத்தும்.

படி 1: முதலில் பெயர்

எங்கள் பக்கம் மூத்த பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைப்பது வழக்கம். அதே பெயரில் பெரியப்பா வீட்டில் ஒருவன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பான். அதனால் கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு பெயர் இருக்கும். வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், டிக்கெட் மூன்றிலும் ஒரே பெயர், எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் பிறந்த தேதிக்கு ஏற்கும் ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லை.

அடுத்தது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல். மூன்று தலைமுறை எழுத்துகளைப் பெயருக்கு முன்னால் அடுக்கி எழுதுவது நமக்குப் பெருமை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அது செல்லாது. இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பாவின் பாஸ்போர்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் அவர் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

படி 2: பாஸ்போர்ட்

சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். இணையத்தில் விண்ணப்பித்து நாள் குறித்துக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு நேரில் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் அசல் பாஸ்போர்ட்டும் நகலும், இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற பெற்றோர் உறுதிமொழிப் படிவம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சாதாரணக் கட்டணம் 1000 ரூபாய். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் புதுப் பாஸ்போர்ட்டுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. ஐந்தாண்டு செல்லும்.

நாலு வயதுக்குக் கீழ் என்றால் போட்டோவை நாமே எடுத்துப்போக வேண்டும்: 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. இங்கேதான் நம் வீடுகள் காலை வாரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுக்கவைத்து எடுத்தால் தலைக்குப் பின்னால் பூவும் கோலமுமாகத் தெரியும். வளவு (வீட்டின் நடு முற்றப் பகுதி) ஓரத்தில் வெளிச்சம் பரவலாக விழும் இடத்தில், சுருக்கம் இல்லாத வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரியுங்கள். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, நேர் மேலே நின்று எடுங்கள். உங்கள் நிழல் முகத்தில் விழக்கூடாது. ஒருவர் கிலுகிலுப்பையை உங்கள் தலைக்கு மேல் ஆட்டினால் கண் நேராக வரும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அன்றைக்கு மட்டும் துடைத்துவிடுங்கள். அப்பத்தா கோபித்துக்கொண்டால், எடுத்து முடித்ததும் இரண்டாக வைத்துவிடலாம்.

படி 3: நாளும் டிக்கெட்டும்

பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் முடிந்திருப்பது நல்லது. ஒன்பதாவது மாதத்து தட்டம்மை ஊசி நெருங்குகிறது என்றால், அதையும் போட்டுவிட்டுப் போவதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பவர்கள் தடுப்பூசி அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

இரண்டு வயதுக்குள் என்றால் மடியில்தான் இடம். திரும்பி வருவதற்குள் இரண்டு முடிகிறது என்றால் வரும்போது தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பறக்கும் நேரம் ஏறக்குறைய நாலு மணி. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்ட வேண்டாம்.

படி 4: மலேசியா கேட்பது

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1-இல் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. குழந்தைக்கும் தனியாக ஒன்று நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். அம்மா மட்டும் குழந்தையோடு போவதானால், அப்பாவின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு பையில் வைத்திருங்கள்.

படி 5: விமானத்தில்

ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். இறங்குவதற்கு அரை மணி முன்பே காது அடைக்கத் தொடங்கிவிடும் என்பதால், அந்த நேரத்துக்குப் பசி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் தேவைப்படும் பாலையும் குழந்தை உணவையும் 100 மில்லி கணக்குப் பார்க்காமல் கைப்பையில் வைக்கலாம். சோதனையில் எடுத்துக்காட்டினால் போதும். டயாப்பரோடு உங்களுக்கும் ஒரு மாற்று மேலாடை.

படி 6: பங்காளி வீடுகள்

அழைக்க வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 2020 முதல் மலேசியாவில் சொந்தக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால், குழந்தை அவர்கள் கணக்கில் நள்ளிரவு வரை விழித்திருக்கும். முதல் இரண்டு நாள் ஒரே வீட்டில் இருங்கள். வீடு வீடாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, எல்லோரையும் ஒரு மாலை ஓரிடத்தில் கூடச் சொல்வதே என் கட்சி. பினாங்குச் சொந்தமாக இருந்தால் தண்ணீர்மலைக் கோயில் போதும். 1857-இல் நகரத்தார் கட்டியது, சொந்தம் மொத்தமும் அங்கே வந்துவிடும். தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம். கூட்டமும் மேளமும் கைக்குழந்தைக்கு ஆகாது.

தொட்டில் கவலை வேண்டாம். மலேசிய வீடுகளில் ஸ்பிரிங் தொட்டில் சாதாரணம். பழகிய நூல் சேலை ஒன்றை மட்டும் கொண்டுபோங்கள், அந்த வாசனையில்தான் தூங்கும்.

வாயில் தேன் தொட்டுவைக்க ஒரு பெரியவராவது வருவார். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஆறு மாதத்துக்குள் என்றால் உரைமருந்தும் வேண்டாம். “டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அப்பத்தா. நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று குழந்தையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

படி 7: திரும்பும்போது

காப்பும் சங்கிலியும் வந்து குவியும். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்தவர்களுக்குத்தான் நகைக்குச் சுங்கச் சலுகை. சும்மா பார்த்துவிட்டு வரும் குழந்தைக்குக் கிடையாது. இங்கிருந்து போட்டுக்கொண்டு போகும் அரைஞாண், கொலுசுக்குப் புறப்படும்போதே சுங்கத்தில் சான்று வாங்கிக்கொள்ளலாம். புது நகையை, படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) அவர்கள் ஊருக்கு வரும்போது காரைக்குடியிலேயே செய்து போடச் சொல்லுங்கள்.