முள் காட்டியது 60, கேமரா பிடித்தது 67

காரை அதிக வேகத்தில் ஓட்டியதாக ஒரே மாதத்தில் இரண்டு அபராதச் சீட்டு. ஸ்பீடோமீட்டர் முள் 60-ஐத் தாண்டவே இல்லை என்பதால் கேமரா மேல்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் போனில் ஜிபிஎஸ் போட்டு, நேர்ச்சாலையில் ஒரே சீராக ஓட்டிப் பார்த்தேன். முள் 60-இல் நிற்க, போன் 66 காட்டியது!

காரணம் டயர். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று பெரிய டயர் போட்டிருந்தேன். ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடும்; அது முள்ளுக்குத் தெரியாது, வேகத்தைக் குறைத்தே காட்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கம்பெனி சொன்ன டயர் அளவு வேறு, நான் போட்ட டயரின் பக்கவாட்டில் இருந்த அளவு வேறு. பழைய அளவுக்கே மாற்றினேன். இப்போது முள் 60 என்றால் போன் 58 காட்டுகிறது.

அபராதத்தையும் கட்டிவிட்டேன். அந்தக் கேமரா இருப்பது பள்ளிக்கூடம் பக்கத்தில். அதை நினைத்தால் இன்னும் மனசு பதறுகிறது.