மேட்டூர் 60 அடி என்றால் பாதி அணையா?

சேலம் பக்கம் ஆடி மாதத்தில் மேட்டூர் நிலவரம் கேட்காத ஆள் குறைவு. நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வந்ததும், முழு மட்டம் 120 அடிதானே, பாதி நிறைந்துவிட்டது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கணக்கை முதலில் விட வேண்டும். 120 அடியில் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி தண்ணீர்). 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சிதான். 100 அடி வந்தாலும் 65 டிஎம்சியை ஒட்டித்தான் இருக்கும். நீர் ஏற ஏற அது பரவும் இடம் அகன்றுகொண்டே போகிறது. அதனால் கடைசி 20 அடியில் மட்டுமே ஏறக்குறைய 28 டிஎம்சி அடங்கிவிடுகிறது. குறுவைக்குத் தண்ணீர் போதுமா என்று யோசிக்கிறவர்கள் அடியைப் பார்த்து நம்பிக்கை வைக்கக்கூடாது, இருப்பைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கனஅடி. நீர்வரத்துச் செய்தியில் அது வினாடிக்கு ஓடிவரும் அளவு. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால்தான் 1 டிஎம்சி சேரும். ஒரு மணி நேரம் லட்சம் கனஅடி வந்தாலும் அரை டிஎம்சிகூட ஆகாது.

பழைய பதிவுகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் தேவை. 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது மேட்டூர் அணை கிடையாது. 1925இல் வேலை தொடங்கி 1934இல்தான் திறந்தார்கள். அதற்குப் பிறகு மேட்டூருக்குக் கீழே ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் மதகு திறந்துவிட்ட தண்ணீர். 1934க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரிசையில் வைத்து, மழை குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

ஓட்டத்தை அளப்பதிலும் ஒரு தவறு உண்டு. மிதவையை விட்டு நேரம் பார்க்கும் பழைய முறையில் கிடைப்பது மேல்மட்ட வேகம் மட்டுமே. அடியில் படுகையின் உராய்வால் நீர் மெதுவாகப் போகும். அதனால் கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்வது வழக்கம். நீரோட்டத்தில் சுழன்று வேகம் காட்டும் சுழலிக் கருவி இருந்தால், மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் வைத்துப் பார்த்தால் சராசரிக்குப் பக்கத்தில் வரும்.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு வேறு மாதிரி. ஏற்காட்டில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் கீழே வந்து வடிந்துவிடும். காலை 8 மணிக்கு மட்டும் ஆற்றில் நீர்மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்தால் இரவு வந்த உச்சம் பதிவாகவே ஆகாது. படுகையில் மண் சேர்ந்தாலோ, கரையை ஒட்டிக் கட்டடம் வந்தாலோ, தூர்வாரினாலோ, அதே அளவுகோலில் அதே மட்டம் வேறொரு ஓட்டத்தைக் குறிக்கும். அப்போது மட்டத்தை ஓட்டமாக மாற்றும் அட்டவணையையும் மறுபடி அளந்து புதிதாகப் போட வேண்டும்.