பூஸ்டரைக் கழற்றுங்க தம்பி: மலையகத்தில் ரவுட்டர் பொருத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். தேயிலை பெக்டரி ஒன்றில் பெக்டரி அளவீடுகளைச் சிம் வழியாக அனுப்பும் ரவுட்டரை முதல் தடவையாகத் தனியாகப் பொருத்தியிருக்கிறார். பெட்டி நேராக இருந்தது, வயர்கள் வரிசையாகக் கட்டியிருந்தன, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில், பச்சை விளக்கு எரியும் வெள்ளைப் பெட்டி ஒன்று, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். எனக்குத் தலை சுற்றியது. நான் ஒரு காலத்தில் ஆடிய அதே கூத்து.

சிம்மைத் தலைகீழாகப் போடுவது, பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைக் கருவி அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச நாள் நல்லபிள்ளை போல ஓடிவிட்டுப் பிறகு கழுத்தறுக்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பூஸ்டர்

2016இல் நோர்வூட் பக்கம் ஒரு பள்ளத்தில் இருக்கிற பெக்டரி. கொழுந்து வாட்டும் மாடியின் ஈரப்பதமும் உலர்த்தும் மெஷினின் வெப்பமும் கொழும்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ரவுட்டரைக் கீழ்மாடி பேனல் பெட்டிக்குள் வைத்தேன். அன்டெனாவைக் கூரையில் வைத்தேன். இடையில் 20 மீட்டர் மெல்லிய ஆர்ஜி58 கேபிள். சிக்னல் ஒரு கோடுதான் வந்தது. "இந்தப் பள்ளத்துக்கு இவ்வளவுதான்" என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

பள்ளத்தில் ஒரு குற்றமும் இல்லை. 1800 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் 20 மீட்டரில் 15 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். கூரையில் பிடித்த சிக்னலில் முப்பதில் ஒரு பங்குகூடக் கீழே வந்து சேரவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. கொழும்பில் ஒரு கடையில் பூஸ்டர் வாங்கி வந்து, வெளி அன்டெனாவைக் கூரை மேலேயும் உள் அன்டெனாவை அதே தகரத்துக்குக் கீழேயும் கட்டினேன். நாலு கோடும் நிறைந்தன. படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன், பாராட்டும் வந்தது.

மறுநாளிலிருந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறத் தொடங்கினார்கள். டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. கொழும்பில் கடையில் நிற்கிற மகனோடு தினமும் பேசும் ஓர் அம்மா, "ஹலோ ஹலோன்னு அவன் கத்துறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது அவனுக்குக் கேக்கல" என்று என்னிடமே வந்து சொன்னார். மழைதான் காரணம் என்றேன். அதை நம்பியும் சொன்னேன்.

நாலாவது நாள், இந்தத் தொந்தரவு எங்கிருந்து வருகிறது என்று தேடி ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கையில் மீன்முள் மாதிரி ஓர் அன்டெனா, கழுத்தில் தொங்கும் ஒரு மீட்டர். பாதையில் நின்று அன்டெனாவை மெதுவாகச் சுற்றினார்கள். அது என் கூரையைப் பார்த்து நின்றது. பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நாலு நாளில் யாருக்கும் அம்புலன்ஸைக் கூப்பிடும் தேவை வரவில்லை, அது என் நல்ல காலம். அந்த வேலை அத்தோடு என் கையை விட்டுப் போனது.

நடந்தது இதுதான். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அதேதான். 70 டெசிபல் பூஸ்டர் என்றால் ஒரு கோடி மடங்கு பெருக்கம். இரண்டு அன்டெனாவுக்கும் இடையிலான தடுப்பு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு தகரம் அதற்குக் காணாது. உள்ளே பெருக்கியது வெளியே போய், வெளியே போனது திரும்ப உள்ளே வந்து, பெட்டி தானாகக் கத்தத் தொடங்குகிறது. அந்தக் கத்தல் டவரின் காதில் விழுகிறது. ரவுட்டருக்கும் போனுக்கும் "சத்தத்தைக் குறை" என்று டவர் சொன்னால் அவை குறைக்கும், 4ஜியில் பொதுவாக அவற்றின் உச்சமே 0.2 வோட்தான். இந்த மலிவுப் பெட்டி யார் பேச்சையும் கேட்காது.

அப்புறம் சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கை தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், அலை வீசும் கருவியை உரிமம் இல்லாமல் இயக்குவது குற்றம். அலைவரிசை டவர்காரருக்குக் கொடுக்கப்பட்டது, நமக்கல்ல. "சின்னப் பூஸ்டர்தானே அண்ணா, கடையில பகிரங்கமா விக்கிறான்" என்று இன்றைக்கும் வாரத்துக்கு ஒருவர் சொல்கிறார். கடையில் விற்பதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அங்கீகரித்ததற்கும் சம்பந்தம் இல்லை. கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. மழை புகாத பெட்டியில் ரவுட்டரைக் கூரைக்குக் கொண்டுபோங்கள். அன்டெனாக் கேபிள் ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு. கீழே இறங்குவது நெட்வேர்க் கேபிள், அதிலேயே கரண்டும் ஏறும், 100 மீட்டர் வரை பயமில்லை. கோடுகளை நம்பாமல் ரவுட்டரின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பியையும் (சிக்னலின் பலம்) எஸ்ஐஎன்ஆரையும் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் தெளிவு) பாருங்கள். மலையில் எதிர்ச்சரிவு டவர்கள் இரண்டு மூன்றின் சிக்னல் சேர்ந்து விழும். கோடு நிறைய இருந்தும் வேகம் வராதது பெரும்பாலும் அதனால்தான். ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் அன்டெனாவைப் பத்துப் பாகை திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி திருப்புங்கள். அதற்கும் வரவில்லையா, சேவை தரும் நிறுவனத்துக்கு எழுத்தில் போடுங்கள். அவர்கள் தங்கள் கருவியைப் பொருத்தினால் அது வேறு விஷயம்.

வெளியூர் மொடல்

அமெரிக்காவுக்குச் செய்த ரவுட்டர் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும். அதில் பேண்ட் (அலைவரிசைப் பட்டை) 2, 4, 12, 13 இருக்கும். இங்கே 4ஜி பெரும்பாலும் ஓடுவது 1800இல், அதாவது பேண்ட் 3இல். அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் பேப்பர் வெயிட்தான்.

அதைவிட மோசம், மண் ஈரம் பார்க்கும் சென்சார்களோடு வரும் 915 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த கரண்டில் தூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) கருவிகள். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை எல்லாருக்கும் திறந்த இடம். இங்கே 915க்குக் கீழே போன்கள் டவரோடு பேசுகின்றன. சுற்றிச் சுற்றி அதே கோயில் மேடு. வாங்குமுன் மொடல் எண்ணின் கடைசி எழுத்துகளையும் பாருங்கள், ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மொடல் வரும். ஆணைக்குழுவின் அங்கீகாரம் அந்த மொடலுக்கு இருக்கிறதா என்று உரிமம் உள்ள விற்பனையாளரிடம் கேளுங்கள். இருந்தால் காகிதத்தைக் காட்டுவார். இல்லாவிட்டால் பேச்சை மாற்றுவார்.

502ஆம் கதவு

வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று பொது ஐபி (இணையத்தில் யாரும் எட்டக்கூடிய முகவரி) வாங்கி, மெஷின்கள் பேசிக்கொள்ளும் மொழியான மொட்பஸின் 502ஆம் போர்ட்டை (கதவை) அப்படியே இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். சாதாரண மொட்பஸில் பாஸ்வேர்ட் என்ற பேச்சே கிடையாது. கதவைத் தட்டியவர் யாரானாலும் எழுதிவிட்டுப் போகலாம். ஒரு சின்ன நீர்மின் நிலையத்தின் ரவுட்டரில் ஒரே இரவின் லொக்கை (யார் வந்தார் என்ற பதிவை) பார்த்தேன். பக்கம் பக்கமாக வெளிநாட்டு முகவரிகள். யாரும் அந்த நிலையத்தைத் தேடி வரவில்லை, இணையம் முழுவதையும் தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் அவை. விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) போடுங்கள், முடிந்தால் சேவை தரும் நிறுவனத்திடம் தனி ஏபிஎன் (பொது இணையத்தில் படாத இணைப்பு) கேளுங்கள்.

பாஸ்வேர்ட்

அட்மின், அட்மின். இன்னுமா?

இடி

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தப்பாது. அன்டெனாக் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இடிதாங்கி (சர்ஜ் அரெஸ்டர்) போட்டிருப்பார்கள், ஆனால் அதற்குத் தனியாக ஒரு கம்பி அடித்து எர்த் கொடுத்திருப்பார்கள். மலைப் பாறையில் அந்த ஒற்றைக் கம்பிக்கு என்ன எர்த் வரும்? கட்டடத்தின் பிரதான எர்த்தோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் கரண்ட் உங்கள் ரவுட்டர் வழியாகத்தான் ஓடும். சென்சாரிலிருந்து வரும் ஆர்எஸ்485 வயரும் இடிக்கு ஒரு வாசல், அதை எல்லாரும் மறப்பார்கள்.

சிம்

கம்பனி பெயரில் எடுங்கள். ஒரு தோட்டத்தில் தண்ணீர் மோட்டாருக்கான சிம் டிரைவரின் அடையாள அட்டையில் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனதும் சிம் தொலைந்ததாகச் சொல்லி அதே நம்பரைத் தன் போனுக்கு எடுத்துக்கொண்டார். ரவுட்டரில் கிடந்த சிம் செத்தது. மோட்டாரைப் போடச் சொல்லி நாங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் வந்தது: "சேர், நான் இப்ப தலவாக்கலை பஸ்ல."