கிட்னி மாற்றிய பிறகு மாத்திரைச் செலவு: எங்கே போய்க் கேட்பது?

அண்ணனுக்குக் கிட்னி மாற்றி முடிந்ததும், பெரிய செலவு தீர்ந்தது என்று நினைத்தோம். தீராத செலவு அப்போதுதான் ஆரம்பித்தது. புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்க, அது வேலை செய்யும் காலம் வரை மாத்திரை போட்டாக வேண்டும்.

1. முதலில் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். கம்பெனிப் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மி.கி., மாதத்துக்கு எத்தனை, என்ன விலை. உதாரணமாக டாக்ரோலிமஸ் (கிட்னியை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் மருந்து) 1 மி.கி., காலை 2, இரவு 2 என்றால் மாதம் 120. எந்த கவுண்டருக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் சேர்த்தே வையுங்கள்.

2. ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ட்ரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரை, அதாவது உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைப்பவரைப் பாருங்கள். டாக்டரை விட இவருக்குத்தான் உதவிகளின் வழி தெரியும். அரசு மருத்துவமனையில் செய்தவர்கள், மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

3. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். அட்டை ஏற்கெனவே இருந்தால், ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்துக்கும் தொகை உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்வதில்லை.

4. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில் இந்த மருந்துகளுக்கு மாதம் 10,000 ரூபாய் வரை உதவி இருக்கிறது. இதையும் மருத்துவமனை வழியாகத்தான் கேட்க வேண்டும்.

5. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இந்த மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

6. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம், அம்ரித் போன்ற மலிவு விலை மருந்துக் கடைகளில் விலை விசாரிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு மாதம் மலிவு என்று டாக்ரோலிமஸை நாங்களாகவே வேறு கம்பெனிக்கு மாற்றினோம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு குறைந்திருந்தது. டாக்டரிடம் சரியான திட்டு. கம்பெனி மாற்றுவதென்றால் அவரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். மாற்றிய பின் 'லெவல்', அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு, பார்க்கச் சொல்வார். அதற்கு, காலை மாத்திரை போடும் முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், எந்த உதவியும் கைக்கு வர நாளாகும். பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு அலைய ஆரம்பித்துவிடுங்கள்.